எதிர்பார்ப்பில் எழும் தீவு

விடுமுறை என்பது வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படும் நாளில் தொடங்குவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் இன்பத்தில் பெரும்பங்கு அதற்கு முன்பே, நாள் குறித்து, விடுதி தேடி, செலவைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வாரங்களிலேயே துய்க்கப்பட்டுவிடுகிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. பயணம் செல்லவிருந்தோர், செல்லாதோரைவிட, பயணத்துக்கு முந்தைய நாள்களில் மகிழ்ச்சி மிக்கவர்களாக இருந்தனர். திரும்பிய பின்னரோ, மிகுந்த அமைதியோடு நாள்களைக் கழித்ததாகச் சொன்னவர்களைத் தவிர, இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதைக் கொண்டு பயணமே வீண் என்று முடிவுகட்டுவது பிழையாகும். எதிர்பார்த்திருக்கும் காலமும் பயணத்தைச் சேர்ந்ததே என்றால், அந்த எதிர்பார்ப்பை ஒருவர் எதைக் கொண்டு வளர்க்கிறார் என்பதே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியதாகிறது.

பெரும்பாலோர் அதை ஒரு படத்தைக் கொண்டே வளர்க்கின்றனர். வெண்மணல், பச்சையும் நீலமும் கலந்த நீர், கால்களின் மேல் நிற்கும் மரக்குடில், ஆளரவமற்ற கரை ஆகியவை சேர்ந்த அந்தப் படத்துக்கு மாலத்தீவே இன்று முதன்மையான முகவரியாக உள்ளது. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் 200க்கும் குறைவு. நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் அளவே. இத்தீவுகள் அட்டோல் எனப்படும் வளையங்களாக அமைந்தவை. எரிமலைத் தீவு ஒன்று மெல்ல அமிழ்ந்துபோக, அதன் விளிம்பில் வளர்ந்துகொண்டே வந்த பவளப் பாறை மட்டும் வளையமாக எஞ்சி, நடுவே ஆழமற்ற கடற்காயலைக் கொண்டிருக்கும் அமைப்பே அட்டோல் என்பது, சார்லஸ் டார்வின் 1842இல் வெளியிட்ட நூலிலிருந்து வழங்கிவரும் விளக்கம். கண்ணைக் கவரும் அந்த வெளிர்நீல நிறம், காயலின் ஆழமின்மையாலும் அடியிலுள்ள வெண்மணலாலும் உண்டாவது. அம்மணலிலும் பெரும்பகுதி, பவளப் பாறையைக் கொறித்து உண்ணும் கிளிமீன்கள் அரைத்துக் கழித்த துகளே. கரையின் அழகை விரும்புபவர், அறிந்தோ அறியாமலோ, அந்த மீனின் நலத்தையும் விரும்புபவராகிறார்.

படத்தைக் கொண்டு திட்டமிடுபவருக்கும் இடத்தைக் கொண்டு திட்டமிடுபவருக்கும் உள்ள வேறுபாடு, பருவத்தைத் தேர்வதில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவம் என்றாலே மழை. மாலத்தீவிலோ அதே காற்றின் காலம், அந்நாட்டார் 'இருவை' என்றழைக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவம், தெளிந்த வானும் அடங்கிய கடலும் கொண்டது. விடுதிகளின் கட்டணம் உச்சத்தில் நிற்பதும் அப்போதே. மே மாதம் தொடங்கிப் பல மாதங்கள் நீடிக்கும் தென்மேற்குப் பருவத்தில் மழையும் காற்றும் மிகும், கட்டணம் தணியும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை வாய்க்கும் மே மாதம் அப்பருவத்தின் வாயிலில் அமைவதால், மழையைப் பற்றிய அச்சம் அவர்களது திட்டத்தில் பெரிதாக இடம்பெறுவது இயல்பே. ஆனால் மேகமற்ற வானம் மட்டுமே அந்தக் கடல் தரக்கூடிய செல்வம் என்று கொள்வதற்கில்லை. தென்மேற்குக் காற்றோடு எழும் நீரோட்டம், மிதவை உயிரிகளை, அதாவது நீரின் போக்கில் அலையும் நுண்ணிய உயிரினங்களை, அட்டோல்களின் கிழக்குப் பக்கத்தில் செறியச் செய்கிறது. பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு என்னும் சிறு விரிகுடாவில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கின்போது அவை வெளியேற வழியின்றித் தேங்க, அவற்றை உண்பதற்காக மாண்டா எனப்படும் பெருந்திருக்கைகள் கூட்டமாக வந்து, வாயை அகலத் திறந்தபடி வட்டமிட்டுச் சுழல்கின்றன. 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது; காற்றுக் கலன் சுமந்து மூழ்குவதற்கு அவ்விரிகுடாவில் அனுமதி இல்லை, மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் நீந்த மட்டுமே இயலும். மழைக்கால மாதங்களிலேயே அந்தக் காட்சி வாய்க்கிறது. விளம்பரப் படத்துக்கு உதவாத பருவம் கடலுக்கு விருந்துக் காலமாக இருப்பதை அறிந்து செல்பவருக்குச் சாம்பல் நிற வானம் ஏமாற்றமாகத் தோன்றாது. அறியாமல் செல்பவர் குடிலின் கண்ணாடிக்குள் அமர்ந்து, கொடுத்த பணத்தை எண்ணிக்கொண்டிருக்க நேரும்.

பவளத்தின் நிறத்தைப் பற்றிய எதிர்பார்ப்பும் இத்தகையதே. 1998இலும் 2016இலும் கடல்நீரின் வெப்பம் உயர்ந்தபோது, பவள உயிரிகள் தம்முள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போயின. வெளிறல் எனப்படும் இந்நிகழ்வால், குறிப்பாக 1998இல், ஆழமற்ற பகுதிகளில் இருந்த பவளங்களில் பெரும்பகுதி மடிந்தது. மீண்டும் தளிர்த்த திட்டுகள் உண்டு, தளிர்க்காதவையும் உண்டு. ஆகவே குடிலின் அளவையும் தனிக்குளத்தையும் விசாரிப்பதற்கு முன், கரையிலிருந்து நீந்தியே அடையக்கூடிய பவளத்திட்டு அத்தீவுக்கு உண்டா, அது இப்போது எந்நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது. வாட்டர் வில்லா என்று வழங்கும் நீர்மேல் குடில்கள் பெரும்பாலும் மணற்பாங்கான காயலில் அமைவதால், குடிலின் படிக்கட்டில் இறங்கியதுமே மீன்கூட்டம் சூழும் என்று நம்புவதற்கு இடமில்லை. தொலைவிலுள்ள விடுதிகளுக்கு ஏற்றிச் செல்லும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பவை என்பதால், அவற்றை நம்பி மாலையில் வந்திறங்குபவர் அன்றிரவைத் தலைநகரை ஒட்டியே கழிக்க நேரும் என்பதும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

இனி, படத்தில் காணும் ஆளரவமின்மை. அது இயற்கையாக அமைந்ததன்று. 1972இல் பவளக்கல்லும் தென்னங்கீற்றும் கொண்டு குரும்பா என்னும் முதல் விடுதி எழுந்த நாள் முதல், குடியில்லாத தீவு ஒன்றைக் குத்தகைக்கு விட்டு, அத்தீவு முழுவதையும் ஒரே விடுதியாக்கும் முறையே அங்கு வேரூன்றியது. இசுலாமிய நெறியில் வாழும் மக்களிடமிருந்து மதுவும் நீச்சலுடையும் விலகியிருக்கவும், வருபவர் தடையின்றிக் களிக்கவும் அந்த ஏற்பாடு உதவியது. அதன் நியாயத்தை எளிதில் மறுத்துவிட முடியாது. எனினும், அதன் விளைவாக, ஒரு நாட்டில் ஒரு வாரம் தங்கியும் அந்நாட்டின் ஒரு தெருவையோ, ஒரு பள்ளியையோ, ஒரு மீன் சந்தையையோ காணாமல் திரும்புவது வழக்கமாயிற்று. தனிமை என்று விலை பேசப்படுவதும் பலர் கண்ணில் படாமல் உழைப்பதால் கிடைப்பதே. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களும் அவற்றை இயக்கும் டீசல் மின்னாக்கிகளும் விருந்தினர் நடமாடாத மூலையில் இயங்குகின்றன. வங்கதேசம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்த பணியாளர்கள் அங்கேயே குடியிருக்கின்றனர். தூத்துக்குடியிலிருந்து புறப்படும் தோணிகள் காய்கறியையும் கட்டுமானப் பொருள்களையும் அந்நாட்டுக்குக் கொண்டு சேர்க்கின்றன. 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பற்றியபோது இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. அத்தகைய நாட்டில் குடிலுக்கொரு நீச்சல் குளம் வேண்டுமா என்ற கேள்வியை, பணம் இருக்கிறது என்ற விடையால் மட்டும் அடைத்துவிடுவது சரியாகத் தோன்றவில்லை. குளம் இல்லாத குடிலைத் தேர்வதால் நாட்டின் நீர்நிலைமை மாறிவிடாது என்பது உண்மையே. ஆயினும், தேர்ந்தெடுப்பவர் அந்த இடத்தைப் பற்றி ஒரு கணம் எண்ணியிருக்கிறார்.

மக்கள் வாழும் தீவுகளில் அயல்நாட்டார் இரவு தங்குவதற்குப் பல ஆண்டுகள் இருந்த தடை 2009ஐ ஒட்டி நீங்கியபின், மாஃபுஷி போன்ற ஊர்களில் சிறு விருந்தில்லங்கள் பெருகின. சொகுசை விரும்புபவர் தம் முழு விடுமுறையையும் அங்கே கழிக்க வேண்டியதில்லை. விடுதியில் கழியும் நாள்களோடு ஊரில் ஓரிரவைச் சேர்த்துக்கொண்டாலே திட்டத்தின் தன்மை மாறிவிடுகிறது. ஊர்க்கரையில் எங்கே எவ்வுடை தகும் என்று கேட்டறிய வேண்டும்; மது அங்கே கிடைக்காது; வெள்ளிக்கிழமைகளில் பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாததால், ஊருக்குச் செல்லும் நாளையும் திரும்பும் நாளையும் அவ்வூராரின் தொழுகை நாளுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை தம் விருப்பத்தையும் தம் செலவையும் மட்டுமே கணக்கிட்டு வந்த பயணி, முதன்முறையாகப் பிறர் வாழும் ஒரு வாரத்துக்குள் தம் நாள்களைப் பொருத்திப் பார்க்கத் தொடங்குகிறார்.