நிமிர்ந்த முதுகும் நிதானமான மூச்சும்



திருவாவடுதுறைக்குப் போனவர்கள் அங்கே திருமூலர் சந்நிதியைத் தரிசித்திருப்பீர்கள். அந்தத் தலத்தில் அரசமரத்தடியில் யோகத்தில் வீற்றிருந்துதான் அவர் திருமந்திரத்தை அருளினார் என்பது நம் மரபு. ஒன்பது தந்திரங்கள் கொண்ட அந்த நூலின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் வருகிறது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம் என்று வரிசை போகும். பிராணாயாமத்துக்கு முன்னால் ஆதனத்தை, அதாவது ஆசனத்தை, வைத்திருக்கிறார், கவனியுங்கள். பதஞ்சலி முனிவர் வைத்த வரிசையும் இதேதான். கீதையின் ஆறாம் அத்தியாயத்திலே கண்ணபிரான், தியானத்துக்கு உட்காருகிறவன் உடம்பு, தலை, கழுத்து மூன்றையும் நேராக நிறுத்த வேண்டும் என்கிறான். முதலில் உட்காரக் கற்றுக்கொள், மூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரல்தான்.

காரணம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, விரித்த குடைபோல உதரவிதானம் என்றொரு தசை இருக்கிறது. மூச்சை இழுத்தால் அது கீழே இறங்கும். நுரையீரலின் அடிப்பாகம் வரை காற்று போகும். வயிறு லேசாக முன்னே வரும். தொட்டிலில் மல்லாந்து தூங்கும் பச்சைக் குழந்தையைப் பாருங்கள்! வயிறுதான் ஏறி இறங்கும், தோள் அசையவே அசையாது. நாமோ கூன் போட்டு உட்காருகிறோம். விலா எலும்புகள் நெருங்குகின்றன, வயிறு மடிகிறது, அந்தத் தசை இறங்க இடமில்லாமல் தவிக்கிறது. அதன் வேலையைக் கழுத்தும் தோளும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கின்றன. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. செல்போனைப் பார்க்கக் குனியக் குனியக் கழுத்துக்குப் பாரம் கூடிக்கொண்டே போகும். சாயங்காலம் பிடரி வலிக்கிறதே என்று தைலம் தேய்க்கிறோம்.

இப்போதே நிமிர்ந்து உட்காருங்கள். விறைத்துக்கொள்ள வேண்டாம், தோள் தளர்ந்திருக்கட்டும். வலது கையைத் தொப்புள் மேல் வையுங்கள். மூக்கு வழியாக மெல்ல இழுங்கள், கை முன்னே வருகிறதா? இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். அப்படி நீளமாக விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. படபடப்பு அடங்குவது அதனால்தான்.

சாதாரணமாகப் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 23 பேரைச் சோதித்து, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கிறிஸ்தவர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையைச் சொன்னபோதும் சரி, ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தைச் சொன்னபோதும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் உடம்பின் இயல்பான ஏற்பாடும் கூர்மையானது. எந்த மதத்துக்காரர் சொன்னாலும் பலன் ஒன்றே என்பதில் எனக்குப் பரம சந்தோஷம். நாமம் சொல்வது முழுக்க மூச்சை விட்டுக்கொண்டே செய்கிற காரியம். நம் பாட்டிமார் விளக்கேற்றி வைத்து, சம்மணமிட்டு, நிதானமாக நாமாவளி சொன்னார்களே, அதிலேயே ஆசனமும் பிராணாயாமமும் அடங்கியிருந்தன.

ஒன்றை அவசியம் சொல்லியாக வேண்டும். திருமூலர் 16 மாத்திரை நேரம் மூச்சை இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறார். அது குருவின் பக்கத்தில் இருந்து பழக வேண்டியது. புத்தகத்தைப் பார்த்து மூச்சை அடக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மார்களும் அடக்கவே வேண்டாம், மெல்ல இழுத்து மெல்ல விட்டாலே போதும். மருத்துவர் கொடுத்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர்கள் பாதம் தரையில் படும்படி நாற்காலியில் அமரலாம், தோஷமில்லை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பூஜையறையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவரவர் இஷ்ட தெய்வத்தின் நாமத்தை, ஒரு மூச்சுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள்.