சொந்த வீடு மட்டும்தான் வீடா?

"எப்படியாவது ஒரு வீட்டை வாங்கிப் போடு." மலேசியாவில் ரப்பர் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம் கேட்ட புத்திமதி இதுதான். பால்மரம் வெட்டிய என் அம்மாவும் இதையே சொல்வார். தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டுக்கு அவர் வாடகை கொடுத்ததில்லை. ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் கடைசிவரை இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையோடு கூரையும் பறிபோனது. அதற்கு மாற்றாகத்தான் 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சிடிம். உடைமை ஒன்றே பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்தது இப்படித்தான்.

இன்று அந்த எண்ணமே பலரைத் தவிக்க விடுகிறது. ஜாகா (காவல்) வேலை பார்ப்பவருக்கும், பிறர் வீட்டில் துணி துவைத்துப் பிழைக்கும் கைம்பெண்ணுக்கும் எந்த வங்கி கடன் கொடுக்கும்? அவர்களுக்கு உள்ளது வாடகை வீடுதான். அதற்கும் போட்டிதான். 1996இல் கெடாவின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தபின், சுற்றுவட்டாரத் தாமான்களில் (குடியிருப்புகளில்) குடியேற வந்தவர்கள் பெருகினார்கள். ஆறு தொழிலாளர்கள் பங்கு போட்டுக் கட்டும் வாடகையோடு ஒற்றைச் சம்பளக் குடும்பம் போட்டி போட முடியுமா?

கணக்கைப் பாருங்கள். 600 வெள்ளி வாடகை வீடென்றால் முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதப் பணம் என்று சாவி வாங்குமுன் 2,100 வெள்ளி வேண்டும். 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே 1,700தான். அரசாங்கத்தின் பி.பி.ஆர் (மக்கள் வீடமைப்புத் திட்ட) அடுக்குமாடியில் மாத வாடகை 124 வெள்ளி. இந்த இரண்டு வாடகைகளுக்கும் நடுவே ஏழை எட்டிப் பிடிக்கக்கூடிய படி எதுவும் இல்லை.

அதற்காகச் சொந்த வீட்டுக் கனவைக் கைவிடச் சொல்லவில்லை. அது கைகூடும்வரை மனிதன் மரியாதையாக இருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். எழுத்தில் ஓர் ஒப்பந்தம், தவணையில் முன்பணம், காலி செய்யப் போதிய அவகாசம் ஆகிய மூன்றும் இருந்தால், வாடகை வீட்டிலும் பிள்ளை பள்ளி மாறாமல் படிக்கும். அன்று ஒன்றுகூடித் தோட்டமே வாங்கிய நாம், நியாயமான வாடகைக்கு விட நாலு வீடு வாங்கும் கூட்டுறவை ஏன் இன்னும் யோசிக்கவில்லை?