படத்தில் படாதது

அழகான ஒன்றைக் கண்டு மகிழ்வது குற்றமா? இப்படி ஒருவர் கேட்டால் போன ஆண்டுவரை நான் சிரித்திருப்பேன். இப்போது உடனே சிரிக்க முடியவில்லை.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஓர் ஏரி இருக்கிறது. பத்து நிமிட நடையில் என் வீடு. உட்கார்ந்தே எழுதுகிறவனுக்கு வரவேண்டிய நோய்களெல்லாம் எனக்கும் வந்தன. காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். வெறுமனே நடப்பது எனக்கு அலுப்பு. ஆகவே ஏரிக்கரைக்குப் போய் நாளுக்கு ஒரு படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். பெரிய காமிரா ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் கிடக்கும் செல்போன்தான்.

அந்தச் சின்னக் கருவி எனக்குக் கண் கொடுத்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். இருபது ஆண்டுகள் அங்கே குடியிருந்தும், வடக்கே தெரியும் சேர்வராயன் மலை மார்கழியில் ஒரு நிறம், ஆடியில் ஒரு நிறம் என்பது எனக்குத் தெரியாது. கரையில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையான், சிறகை விரித்ததும் வெள்ளைப் பறவையாகிவிடும் விந்தையையும் படம் எடுக்கப் போய்த்தான் கண்டேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் ஏரியில் பாதி ஊதா நிறமாக இருந்தது. ஆகாயத்தாமரை பூத்திருந்தது. அன்று எடுத்த படத்தை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். "இது எந்த வெளிநாடு?" என்று கேட்டார் கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர். பெருமை தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடமும் காட்டினேன். செல்போனைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பூ நல்லாத்தானுங்க இருக்குது. ஏரிக்குத்தானுங்க மூச்சு முட்டுது" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டார்.

ஆகாயத்தாமரை தென்னமெரிக்கச் செடி. பூவின் அழகுக்காகவே பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. சாக்கடை கலந்த நீர் அதற்கு நல்ல உரம். நீரை மூடிப் படர்ந்தால் அடியில் வெளிச்சம் போகாது, காற்றும் குறையும், மீன் பிழைக்காது. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டுதான் நாமக்கல் பக்கம் வந்து காவிரியில் சேர்கிறது. எங்கள் ஏரிக்கு வரும் வாய்க்காலின் கதையும் சிறிய அளவில் அதுதான். நான் சட்டம் போட்டு மாட்டிய அழகுக்கு உரமிட்டது அந்த வாய்க்கால்.

வீட்டுக்கு வந்து முந்நூறு படங்களையும் புரட்டினேன். மலை இருந்தது, பறவை இருந்தது, சூரியன் இருந்தது. வாய்க்கால் வாய் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. அது கரையின் இடப்பக்கம் இருக்கிறது. நான் எப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி வலப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறேன். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கவனிக்காதவன் முந்நூறு நாளில் ஒரு நாளாவது தவறிப்போய் அதைப் படம் எடுத்திருப்பானே!

நம் பக்கத்துக் காட்சிகளை முதலில் படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். ராயக்கோட்டை முதலிய சேலம் மாவட்டத்து இடங்களை அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வெளிவந்தன. அந்த ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கருவிக்கு வானத்து மேகம் சரியாகப் பதியாது. வானம் வெறுமையாய் விழும். டிரைப் தம் படங்கள் சிலவற்றில் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். இதைப் பொய் என்பதா? இருந்த மேகத்தைக் கருவி தவறவிட்டது. மனிதர் அதைச் சேர்த்தார். என் கருவியோ எதையும் தவறவிடாது. நான்தான் அதைப் பார்க்கவிடாமல் திருப்பினேன்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "மனம் இளைப்பாற ஓர் இடம் வேண்டாமா? அங்கேயும் சாக்கடையைத்தான் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் ஆடு மேய்க்கும் பெரியவரை நினைத்துப் பார்க்கிறேன். பூ நன்றாக இருக்கிறது என்று அவரும் சொன்னாரே! ஏரியைப் பற்றிக் கவலைப்பட அவர் பூவை வெறுக்கவில்லை. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தார். அவருடைய ஆடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. நான் ஏரியிடம் அழகை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீர் குடித்தேன்.

சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. சீர்கெட்டுக் கிடந்த அதை 2010இல் தொடங்கித் தன்னார்வலர்களும் ஊராரும் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் சிறு தீவுகள் அமைத்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. படம் எடுப்பவர்கள் அங்கே தேடிப் போகும் அழகு, சேற்றைப் பார்த்து முகம் திருப்பாதவர்கள் உண்டாக்கியது.

கூடத்திலிருந்த ஊதாப்பூப் படத்தை நான் கழற்றவில்லை. பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டினேன்: வாய்க்கால் வாய். அதன் பிரதி ஒன்று மனுவோடு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. "வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

போன வாரம் மைத்துனர் வந்தார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்றாவி எந்த ஊர்?" என்றார்.

"அதே ஏரிதான் மாப்பிள்ளை. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றேன்" என்றேன்.