துலாக்கோலும் செங்கோலும்

நமது சைவ வித்தியாசாலைகளிலே, ஒரே வகுப்பில், ஒரு பாடவேளையில் வணிகக்கல்வியும் மற்றொரு பாடவேளையிற் சைவசமயமுங் கற்பிக்கப்படுகின்றன. முதற் பாடத்திலே, பொருளின் விலை கேள்வியாலும் நிரம்பலாலும் நிச்சயிக்கப்படுவது, அதிலே நன்று தீது என்னும் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று மாணாக்கர் கேட்கின்றனர். மற்றைப் பாடத்திலே, பொருளீட்டுங்கால் அறநெறி வழுவலாகாது என்று கேட்கின்றனர். இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து, சந்தை கொடுக்கும் விலையை வாங்கும் வணிகன் பாவஞ் செய்கின்றானா என்று ஒரு மாணாக்கன் வினாவினால், உபாத்தியாயருட் பலர், அது பொருளியல், இது சமயம் என்று கூறி அமைகின்றனர். இவ்விடை விடையாகாது. இரண்டு போதனைகள் ஒன்றையொன்று காணாமல் ஒரு பிள்ளையின் நெஞ்சிற் குடியிருக்கும் என்று எண்ணுதல் பிள்ளைகளை அறியாதார் எண்ணமாம்.

சிவஞானசித்தியார் பரபக்கம் சுபக்கம் என இரு கூறாய் அமைந்தமை ஆசிரியர்கள் நன்கறிந்ததே. பிறர் கொள்கையை முதலில் நிறுத்திப் பின்னர்த் தன் கொள்கையை நாட்டும் அம்முறையையே நாமும் இங்கே கைக்கொள்வோம்.

சுயேச்சைச் சந்தையை ஆதரிப்போர், ஸ்கொத்துலாந்து தேசத்து அடம் சிமித் என்பார் 1776ஆம் வருடத்தில் வெளியிட்ட நூலைத் தமக்கு முதனூலாகக் கொள்வர். அவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஒழுக்கநூல் போதித்த ஆசிரியர் என்பதனையும், 1759இல் மக்களுடைய அறவுணர்ச்சியைப் பற்றியே முதனூல் செய்தவர் என்பதனையும், ஒரு தொழில் செய்யும் வர்த்தகர் ஒன்றுகூடினால் விலையேற்றச் சூழ்ச்சியே பேசுவர் என்று எச்சரித்தவர் என்பதனையும், அவர் பெயர் சொல்லி வாதிப்போர் பெரும்பாலுஞ் சொல்வதில்லை. அது நிற்க. அவர்கள் வாதத்திற் பலமுள்ள பகுதி இது: விலை என்பது ஒரு தூதன். வன்னியில் மழை பொய்த்தால் நெல்விலை ஏறுகின்றது. அவ்வேற்றம் உண்பவனைச் சிக்கனமாயிருக்கச் சொல்கின்றது, தூரதேசத்து வணிகனை அரிசி கொண்டுவரச் சொல்கின்றது, கமக்காரனை அடுத்த போகத்தில் மிகுதியாய் விதைக்கச் சொல்கின்றது. கொழும்பிலே கந்தோரில் இருக்கும் உத்தியோகத்தர் எவரும் இத்தனையும் அறியார். கட்டளையினால் விலையை அமுக்குதல் தூதனுடைய வாயைக் கட்டுதலாம்.

இவ்வாதத்துக்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. 2021ஆம் வருடம் ஓகஸ்ட் மாத முடிவிலே அத்தியாவசிய உணவுப் பொருள் குறித்து அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டன. செப்டெம்பரில் அரிசிக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது. அம்மாத முடிவுக்குள்ளேயே அவ்விதி நீக்கவும்பட்டது. நீங்கியதும் விலை ஏறிற்று. அதே வருடத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே கட்டளையால் நிறுத்தி, நவம்பரில் அக்கட்டளையை மீட்டதனையும், அதற்கடுத்த பெரும்போகம் எவ்வளவு குன்றிற்று என்பதனையும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இனி, அரசாங்கக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் கூறுவது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வரும் அரிசி நின்றபோது, இலங்கையிலே பங்கீட்டு முறை ஏற்பட்டது. மறுவருடம் வங்காளத்திலே பஞ்சம் வந்தது. பின்னர் விசாரித்த ஆணைக்குழுவே மாண்டோர் தொகை ஏறக்குறையப் பதினைந்து இலட்சம் என்றது. அதனின் மிக்கது என்பாரும் உளர். வங்காளத்திற் பிறந்த அமர்த்தியா சென் என்னும் பொருளியலறிஞர் 1981இல் வெளியிட்ட நூலிலே, அங்கு உணவின் குறைவு மாத்திரம் காரணமன்று, கூலியாட்களும் செம்படவரும் பிறரும் உணவைப் பெறும் வலியிழந்தமையே பெருங்காரணம் என்று காட்டினார். விலையாகிய தூதன் காசுள்ளவன் குரலையே கேட்பான். காசில்லாதவன் பசியால் அலறினும் அது கேள்வி எனக் கணக்கிடப்படுவதில்லை. மிஷன் பாடசாலையிலே நாம் படித்த காலத்தில், திராட்சைத் தோட்டத்துக்காரனைப்பற்றிய உவமையொன்றைக் கேட்டதுண்டு. பொழுதுபடும் வேளை வரையும் சந்தையிலே நின்றவர்கள் சோம்பரால் நின்றாரல்லர். அவர்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை. மதம் வேறாயினும் அவ்வுவமையின் நுட்பத்தை மறுக்க நாம் துணியோம்.

இவ்விரு பக்கமும் தத்தம் வெற்றியைச் சொல்லித் தோல்வியை மறைப்பன. நமது யாழ்ப்பாணத்துச் சரித்திரமே இதற்குத் தக்க உதாரணம். 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கத்தார் இறக்குமதியைக் கடுமையாய்க் கட்டுப்படுத்தினர். செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருதல் தடைப்பட, வலிகாமத்துச் செம்மண்ணிலே தோட்டஞ் செய்வோர் கையிற் பணம் புழங்கியது. கல்வீடுகள் எழுந்தன, கிணறுகளில் இயந்திரங்கள் பூட்டப்பட்டன, பிள்ளைகள் உயர்கல்விக்குப் போயினர். அக்காலத்தை நம்மவர் பொற்காலம் என்று இன்றுஞ் சொல்வர். ஆனால், அதே ஆட்சியில், அதே கட்டுப்பாடுகளின் கீழ், பங்கீடு குறைந்து மாவும் அரிசியும் அரிதாகி, 1973, 1974ஆம் வருடங்களிலே மலைநாட்டுத் தோட்டங்களில் நம் இனத்துத் தொழிலாளர் பட்டினியால் மடிந்தனர். அவர்களுட் பலர் சிவனையும் முருகனையும் மாரியம்மனையும் வழிபடுவோர். நம் தோட்டத்து வெங்காயத்துக்கு நல்லவிலை கொடுத்த சட்டத்தை நீதியுள்ள சட்டம் என்று புகழுங்கால், இதனையும் ஒருங்கே நினைந்தவர் நம்முட் சிலரே.

1977இற்குப் பின்னர்க் கதவு திறந்தது. கொழும்பிலே உண்பவனுக்கு நயமாயிற்று; நமது தோட்டக்காரன் விலையிழந்தான். 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் தொகை நின்ற இடத்தில் நிற்க, விலைவாசி ஏற ஏற, ஏழையின் உண்கலம் வருடந்தோறுங் குறைந்தது. இதற்கு முன், 1953இல், கொத்து 25 சதமாயிருந்த அரிசி 70 சதமாக்கப்பட்டபோது ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்து, அக்டோபரிலே பிரதம மந்திரி பதவி துறந்ததனையும் இங்கு நினைக. விலையை ஆள்வோரும் ஆபத்துக்குட்பட்டவரே, விலையைக் கைவிடுவோரும் ஆபத்துக்குட்பட்டவரே.

இனிச் சுபக்கம். நீதி, விலையென்னும் எண்ணில் இல்லை. அவ்வெண் பிறந்த நிலையில் உளது. விற்போனும் வாங்குவோனும் எதிரெதிர் நிற்கும்போது, காத்திருக்க வல்லவன் யார், காத்திருக்க மாட்டாதவன் யார் என்று பார்த்தல் வேண்டும். கடன்பட்டு விதைத்தவன் அறுவடையன்றே ஈரநெல்லை விற்கின்றான்; களஞ்சியமும் வங்கிக்கடனும் உள்ள ஆலைக்காரன் மாதக்கணக்கிற் காத்திருக்கின்றான். இவ்விருவருக்கும் இடையில் நடப்பதைச் சுயேச்சை வியாபாரம் என்றல் பெயரளவே.

1990ஆம் வருடந் தொடங்கி வடபகுதிக்குப் பொருட்டடை நிகழ்ந்த காலத்தை எண்ணுக. மண்ணெண்ணெய், உரம், மின்கலம் முதலியன தடுக்கப்பட்டன; பிள்ளைகள் போத்தல் விளக்கிற் படித்தனர். கிளாலிக் கடனீரேரியை இராக்காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்து பொருள் கொணர்ந்தவன் ஒரு விலை சொன்னான். தடை வருமென்று முன்னறிந்து பதுக்கி, அயலவன் விளக்கு அணையும் வரையுங் காத்திருந்தவனும் அதே விலை சொன்னான். பொருளியற் புத்தகத்துக்கு இருவரும் ஒருவரே. நமக்கு ஒருவரல்லர். முன்னையவன் தன் உழைப்பையும் துணிவையும் விற்றான்; பின்னையவன் விற்றது அயலவனுடைய இருளை.

அரசன் கை எப்போதும் அறத்தின் கையாகும் என்று சைவர் சொல்லமாட்டார். மதுரையிலே மூர்த்திநாயனாருக்குச் சந்தனம் எங்கும் கிடையாதபடி தடுத்தவன் ஓர் அரசனே. நாயனார் தம் முழங்கையைக் கல்லிலே தேய்க்க நேர்ந்தது. வணிகன் கை அறத்துக்குப் புறம்பானது என்றுஞ் சைவர் சொல்லமாட்டார். மூர்த்தியாரும் அமர்நீதியாரும் வணிகரே. அமர்நீதிநாயனார் கதையிலே துலாத்தட்டில் முதலில் ஏறியவை பொருள்கள். முடிவில் ஏறியவர் மனைவி புதல்வரோடு வணிகர்தாமே. திருவள்ளுவர் வாணிகத்தைப்பற்றிய தம் மொழியைப் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமையும் ஆராயத்தக்கது.

ஆதலின், செங்கோலுக்குரிய தொழில் விலை கூறுதலன்று, துலாக்கோலைக் காத்தல் என்பது நம் துணிபு. எடை அளவைகளைச் சோதித்தல், வர்த்தகர் கூடிச் செய்யுஞ் சூழ்ச்சியைத் தண்டித்தல், அறுவடையில் உத்தரவாத விலைக்கு நெற்கொள்ளுதல், களஞ்சியம் அமைத்தல், காசில்லாதவனுக்கு உணவு சேர்த்தல் இவையெல்லாம் அதனுள் அடங்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அதிகாரசபையை ஆக்கியது; சட்டம் உண்டு, அதனை அஞ்சுவோர் பெரும்பாலும் சில்லறைக் கடைக்காரரே. பெரிய ஆலைகளின் வாயிலில் அச்சட்டம் செருப்பைக் கழற்றி நிற்கின்றது. காத்திருக்க மாட்டாதார் பலர் சேர்ந்து காத்திருக்கும் வலிபெறுதல் மற்றொரு வழி. நம்மூர்க் கூட்டுறவு இயக்கம் அதற்கே எழுந்தது. அதனை முன்னின்று நடத்திய வீரசிங்கம் அவர்கள் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்தவர் என்பதனை ஆசிரியர்கள் மறவாதிருப்பாராக. சங்கக்கடைகள் இன்று எவ்வாறிருக்கின்றன என்பது வேறொரு கட்டுரைக்குரிய துக்கம்.

ஒன்று எஞ்சியுள்ளது. இத்துணையும் வணிகரைப்பற்றிப் பேசினோம். விற்போர் கூட்டத்தில் ஆசிரியரும் உளர். பாடசாலை நேரத்திற் கற்பிக்கவேண்டிய பகுதியைக் குறைத்து, அதனையே மாலையில் தனியார் வகுப்பிலே கட்டணத்துக்குக் கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே பரவிவருகின்றது. பெற்றோர் விரும்பியே தருகின்றனர், ஊரிலே நடக்கும் விலைதானே என்று அன்னோர் கூறுவர். பரீட்சை நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது. அப்பிள்ளையாற் காத்திருக்க முடியாது. கற்பிப்பவராற் காத்திருக்க முடியும்.