தெரிந்த சொல்லுக்குப் பொருள் தேடுவது

தெரியாத சொல்லுக்குத்தான் அகராதியைப் புரட்டுவோம். கொஞ்ச நாளாக நான் தெரிந்த சொற்களையே ஆங்கில அகராதிகளில் தேடிப் படிக்கிறேன். டோர், லெஃப்ட், நெட்வொர்க், ரன், டேக். பெரும்பாலும் ஆரம்பப் பள்ளியிலேயே பழகிய சொற்கள். தூக்கம் பிடிக்காத இரவுக்கு நல்ல துணை என்று நினைத்துத் தொடங்கினேன். இருந்த தூக்கமும் போயிற்று.

*

1961இல் அமெரிக்காவில் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியின் மூன்றாம் பதிப்பில் டோருக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் பேர்போனது. அதன் ஆசிரியர் ஃபிலிப் கோவ் கறாரானவர். விளக்கம் ஒரே தொடராக ஓட வேண்டும், காற்புள்ளிகூட முடிந்தவரை கூடாது என்பது அவர் கட்டளை. கதவை அந்தத் தொடருக்குள் அடைக்க வேண்டும். அசையக்கூடிய, உறுதியான ஒன்று என்று ஆரம்பிக்கிறது. கீலில் ஆடலாம், தடத்தில் நகரலாம், மேலே சுருண்டு கீழே இறங்கலாம், நான்கு மடல்களில் ஒன்றாகச் சுழலலாம், மடிந்து ஒதுங்கலாம். இவ்வளவுக்கும் பிறகுதான் எந்தத் திறப்பை மூடுகிறது என்ற கணக்கு. படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். கதவையே பார்க்காதவனுக்கு எழுதியதா என்று கேலி செய்தவர்கள் உண்டு.

எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. வாசல் கதவு கீலில் ஆடுகிறது. எதிர்க்கடை ஷட்டர் சுருண்டு ஏறுகிறது. டவுன் பஸ்ஸின் கதவு மடிகிறது. சரி, ஜன்னலும் கீலில்தானே ஆடுகிறது? அதை வெளியே தள்ள ‘ஆள் நுழைவதற்கு’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். சேர்த்த உடனே பீரோக் கதவும் ஃபிரிட்ஜ் கதவும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. அவற்றை மீட்க இன்னொரு சொல். அந்தச் சொல்லின் வழியாக டப்பா மூடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோவ் ஏன் அவ்வளவு நீட்டினார் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

*

சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியை வெளியிட்டார். இரண்டு பெரிய தொகுதிகள், நாற்பதாயிரத்துக்கு மேல் சொற்கள். லண்டன் கஃப் சதுக்கத்து வீட்டு மாடியில் சில எழுத்தர்களை வைத்துக்கொண்டு முடித்த வேலை. நெட்வொர்க் என்ற சொல்லுக்கு அவர் எழுதியது இன்றுவரை சிரிப்புக்கு இடம். ரெட்டிக்குலேட்டட், டெக்கசேட்டட், இன்டர்ஸ்டிசஸ் என்று போட்டு வலையை விளக்கியிருக்கிறார். வலை என்னவென்று தேடி வந்தவர் இன்னும் மூன்று சொற்களுக்குப் பக்கம் புரட்ட வேண்டும்.

ஆனால் அவருக்குத் தெரியாமல் நடந்ததல்ல இது. ஒன்றை விளக்க அதைவிட எளியது வேண்டும், எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று கிடைக்காது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

*

லெஃப்ட் எது? கிழக்கே பார்த்து நின்றால் உடம்பின் வடக்குப் பக்கம் என்கிறது ஓர் அகராதி. வடக்கு எது? கிழக்கே பார்த்து நிற்பவரின் இடப்பக்கம் என்கிறது இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஆள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நம் வீட்டில் குழந்தைக்கு இதைச் சொல்லித்தர யாரும் திசையைத் தேடுவதில்லை. “சாப்பிடுற கை வலது, மத்தது இடது.” முடிந்தது பாடம். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையிடம்தான் இது செல்லாது.

*

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயரைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேசுவதில்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர். 1935இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். 1490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் பொருள் சொல்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்தது. 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2000 சொற்களோடு அதே வழியில் போனது.

1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் குழுவினர் கொண்டுவந்த கோபில்ட் இன்னும் ஒரு படி போயிற்று. விளக்கத்தை முழு வாக்கியமாக, ‘நீங்கள் இப்படிச் செய்தால்’ என்று முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி எழுதினார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். நுட்பம் சிறிது போகும்; பறவை, மரம் என்று வந்தால் ‘ஒரு வகை’ என்பதோடு நின்றுவிடும். போகட்டும். அகராதிக்கு வருகிறவர் தெரியாமல்தானே வருகிறார்?

*

கடினமான சொல்லுக்குப் பொருள் எழுதுவது சுலபம். ஃபோட்டோசிந்தசிஸ் இரண்டு வரியில் அடங்கும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ரன் என்ற வினைச்சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 645 பொருள்கள் தேறின. மெரியம் வெப்ஸ்டரில் வேலை பார்த்த கோரி ஸ்டாம்பர் டேக் என்ற ஒரு சொல்லோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். மூக்கு ஓடுகிறது, கடை ஓடுகிறது, தேர்தலில் ஒருவர் ஓடுகிறார், காலுறையில் நூல் ஓடுகிறது. ஆங்கிலத்தில் எல்லாம் ரன்தான். ஒவ்வொன்றும் தனிப் பொருளா, ஒன்றின் கிளையா என்று யாரோ உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

*

நம் ஆங்கில வினாத்தாளில் இதெல்லாம் ‘பொருத்துக’ ஆகிவிடுகிறது. இடப்பக்கம் ஐந்து சொல், வலப்பக்கம் ஐந்து பொருள். நான்கைப் பொருத்தினால் ஐந்தாவது தானாக விழும். அதற்கும் மதிப்பெண் உண்டு. எழுதி வைத்த விளக்கத்தைக் கண்டுகொள்வது யாருக்கும் வரும். எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பீரியட் பொருத்துகவை விட்டுவிடுங்கள். நாற்காலி, ஜன்னல், தண்ணீர் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே பொருள் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், சிவப்பு மையை எடுக்காதீர்கள். எழுதியதைப் பக்கத்துப் பிள்ளை படித்து, அது என்ன சொல் என்று கண்டுபிடிக்கட்டும்.