ரயிலடி வீடும் யூபிலி ஆண்டும்

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை எங்கள் வேதபாட வகுப்பில் எடுத்தால் யூபிலி ஆண்டோடு நிறுத்திவிடுவது வழக்கம். விற்ற நிலம் ஐம்பதாம் ஆண்டில் விற்றவன் குடும்பத்துக்கே திரும்பவேண்டும். நிலம் ஆண்டவருடையது, நாம் வந்து தங்கிப்போகிறவர்கள். கேட்க இதமாக இருக்கும். அதற்குக் கீழே வரும் விதிவிலக்கை யாரும் தொடுவதில்லை. மதில் சூழ்ந்த நகரத்தில் வீட்டை விற்றவன் ஒரு வருஷத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம். தவறினால் அது வாங்கினவனுக்கே போய்விடும், யூபிலியிலும் திரும்பாது. கிராமத்து வீடு மட்டும் வயலோடு சேர்த்து எண்ணப்படும்.

நகரத்து வீட்டுக்கு ஏன் இந்த விலக்கு? வயல் சோறு போடும், நகரத்து வீடு போடாது என்பதுதான் எனக்குப் பிடிபடும் காரணம். ஆனால் சென்னையில் ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். இங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு சோறு போடுகிறது. அது வயல்தான்.

கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-இல் மின்சார ரயில் வந்தது. அதையொட்டியே ஊர் தெற்கே நீண்டது. 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை ஸ்டேஷனுக்கு எட்டும் தூரத்தில் அமைந்தது. மாம்பலத்தில் இறங்கினால் ஜவுளிக்கடைகள் நிறைந்த ரங்கநாதன் தெரு. வண்டி நிற்கிற இடத்தில் வேலை சேரும், வேலை சேர்கிற இடத்தில் வாடகை ஏறும், ஏறிய வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாதவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மாதம் பிறந்தால் சீசன் டிக்கெட்டுக்கு வரிசை நிற்கும். ஜவுளிக்கடைப் பெண்கள், பட்டறை ஆட்கள் என்று வருஷக்கணக்காகப் பழகின முகங்கள். இறங்கும் ஸ்டேஷன் அதே மாம்பலம், அதே கிண்டி. ஏறும் ஸ்டேஷன் மட்டும் சைதாப்பேட்டை என்றிருந்தது குரோம்பேட்டை ஆகும், பிறகு தாம்பரம், கடைசியில் கூடுவாஞ்சேரி. அவர்களுக்காவது வண்டி இருந்தது.

எங்கள் சபையில் ஒரு அக்கா. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசை. மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துப் பிழைத்தார், நடந்தே போய்வருவார். அந்தக் கால்வாயிலேயே தூண் ஊன்றித்தான் பறக்கும் ரயில் 1997-இல் திருமயிலை வரைக்கும், 2007-இல் வேளச்சேரி வரைக்கும் வந்தது. திருவான்மியூர் ஸ்டேஷன் பக்கத்தில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம். கரையில் இருந்தவர்களோ கூட்டம்கூட்டமாகத் தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெயர்க்கப்பட்டார்கள். அக்காவுக்கும் கண்ணகி நகரில் வீடு கிடைத்தது. கான்கிரீட் கூரைதான், மறுக்கவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு வரச்சொன்ன வீடு முதலில் கைவிட்டுப் போனது, பிறகு இன்னொன்று. விடியுமுன் பஸ்ஸுக்கு நின்று, அடையாறில் மாறி, மிஞ்சிய ஒரு வீட்டுக்கு வந்துபோகிறார். 2021-இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த ஏற்பாட்டை நான் மனதார வாழ்த்துகிறேன். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய காலைப் பொழுது பஸ்ஸிலேயே கழிகிறதே!

தண்டவாளம் போட்டது பொதுப்பணம். பக்கத்தில் மனை வைத்திருந்தவர் ஒரு கல்லையும் எடுத்துவைக்கவில்லை. இருந்தும் ஏறிய விலை முழுவதும் அவருக்கே என்றால், அதை ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதம் என்று ஸ்தோத்திரக் காணிக்கை போடலாமா? கூடாது என்பது என் முடிவு. வினோபா 1951-இல் போச்சம்பள்ளியில் பூதானம் தொடங்கியபோது நிலமற்றவர்களுக்காக வயலைக் கேட்டார். நகரத்து மனையின் ஏறிய விலையில் பங்கு தாருங்கள் என்று நம்மிடம் அப்படி வீடு வீடாக வந்து கேட்டவர் யாருமில்லை.

லேவியராகமத்தின் அதே அதிகாரத்தில் இன்னொரு விலக்கும் உண்டு. ஆண்டவருடைய பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியர்கள் தங்கள் பட்டணத்து வீடுகளை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம், யூபிலியில் அவை திரும்பியே ஆகவேண்டும். அவர்களுக்கு மற்றவர்களைப் போல நிலப்பங்கு இல்லை, பட்டணத்து வீடே சொத்து. வயலற்றவனுக்கு நகரத்தில் இருக்கும் இடமே வயல் என்று மோசேயின் சட்டம் அன்றைக்கே கண்டுகொண்டது. இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் வரும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதன் ஒரு வழித்தடம் பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கம் வழியாகச் சிறுசேரிக்குப் போகிறது. அந்த வழியில் இருக்கும் கண்ணகி நகர்க்காரர்கள் இத்தனை வருஷம் காத்திருந்த ரயில் இது. அதுவே வாடகையை ஏற்றி அவர்களை இன்னும் தொலைவுக்குத் தள்ளிவிடக்கூடாது. அங்கே குடியிருப்பவர்கள் கையில் வீட்டுப் பத்திரம் வண்டி ஓடுமுன் இருக்கவேண்டும். நம் சபைகளுக்கும் ஸ்டேஷன்களை ஒட்டி நிலம் கிடக்கிறது. அதில் இன்னொரு கல்யாண மண்டபம் வேண்டாம். வீட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் போகிறவர்கள் கட்டக்கூடிய வாடகையில் பத்து வீடாவது கட்டுங்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் இதை நான் கேட்கப்போகிறேன், நீங்களும் உங்கள் சபையில் கேளுங்கள்.