பிள்ளையார் எழுத்தாணியை நிறுத்திய இடம்

சுயம்புலிங்கப் பிள்ளையார் சந்நிதியில் கூடியிருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, பின்னுக்குத் தூணில் சாய்ந்து வெற்றிலை மடிக்கிற தம்பிமாரே! மடிங்க, மடிங்க. வெற்றிலைக்குப் பேர்போன களுதாவளையில் நின்றுகொண்டு வெற்றிலை போடாதே என்று சொன்னால் என்னை இப்பவே பஸ் ஏற்றி அனுப்பிடுவீங்க. (சிரிப்பு)

நேற்று வியாசர் பாரதம் சொல்லத் தொடங்கின இடத்தில் விட்டம். எழுத ஆள் வேணும். நம்மட பிள்ளையார் வந்தார். வந்ததும் நிபந்தனை: "என்ட எழுத்தாணி நிற்கக்கூடாது, நீர் சொல்லிக்கொண்டே இருக்கவேணும்." வியாசர் லேசுப்பட்ட ஆளா? "நல்லது, விளங்காமல் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது" என்றார். மறுகா என்ன நடந்தது? முடிச்சுப் போட்ட சுலோகம் 8,800 என்று ஆதிபருவம் கணக்குச் சொல்லுது. அந்த இடம் வந்தால் பிள்ளையார் கொஞ்சம் நின்றார். எல்லாம் தெரிந்தவர் நின்றார் ஐயா! நமக்குப் போனில் ஒரு செய்தி வருது. நிற்கிறமா? பெருவிரலால் ஒரு தட்டு, நாற்பது பேருக்குப் போயிற்று.

போன கிழமை ஒரு அம்மா கேட்டா: "கோயிலில பேசுறவர் அரசியல் புத்தகம், சமூகப் புத்தகமெல்லாம் வாசிக்கலாமா?" அம்மா, பாரதம் என்ன கதை? காணிப் பங்கு, அண்ணன் தம்பி வழக்கு, சபை நடுவில் ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பெரியவர்களெல்லாம் தலை குனிந்தது. அம்புப் படுக்கையில் கிடந்து பீஷ்மர் தருமருக்குச் சொன்னது சமையல் குறிப்பா? வள்ளுவர் பொருட்பாலுக்கு 70 அதிகாரம் வைத்தாரே, பொழுது போகாமலா?

சரி, என்ட கதைக்கு வாறன். முதலில் வாசித்தது பண்டிதர் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964இல் வந்தது. இனிக்க இனிக்க வாசிச்சன். நம்மட ஊர், நம்மட வழக்கம், நம்மட பாட்டு. இனிக்கத்தானே செய்யும்! மறுகா அமெரிக்காவிலிருந்து வந்து அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்கிறவரின் புத்தகம், 2008இல் வந்தது. இங்கிலீசு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசிச்சன். அதில் மனுசன் எழுதுறார்: தமிழருக்கு இருக்கிற மாதிரியே அங்குள்ள முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கு. வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. நம்மட கோயிலை நடத்தக் குடிவழியில் வண்ணக்கர், அவங்கட பள்ளிவாசலை நடத்தக் குடிவழியில் மரைக்கார்.

எனக்குக் கோபம் வந்திட்டு. இது நம்மட முறையல்லவா, அவங்களுக்கு எப்படி என்று புத்தகத்தை மூடினன். கோபப்பட்டு எங்க இருந்தன்? மனுசி வீட்டு விறாந்தையில. மாமா போட்ட கதிரையில. எனக்குத் தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரும் அந்த நேரம் அவர்ட மனுசி வீட்டு விறாந்தையிலதான் இருந்திருப்பார்.

சிரிக்கிறீங்க. இதே கரையில்தான் 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் நம்மட பிள்ளைகளை, தாய்மாரைக் கொன்றது. ரெண்டு பக்கமும் செத்தது ஒரே மாதிரித் தாய்வழி எண்ணுகிற சனம்.

'முறிந்த பனை' என்ற புத்தகத்தையும் இப்படித்தான் ஒருக்கா மூடினன். ராஜினி திராணகம இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து எழுதினது. அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொன்றார்கள். புத்தகம் 1990இல் வந்தது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட பக்கமெல்லாம் தலையாட்டி வாசிச்சன். இந்திய ராணுவத்தைக் கேட்டது, அதற்கும் தலையாட்டினன். நம்மட பக்கத்தைக் கேட்ட இடம் வந்ததும், "இது யாழ்ப்பாணத்துக் கதை, நமக்கென்ன" என்று வைத்திட்டன்.

பிள்ளையாரும் நின்றார், நானும் நின்றன். அவர் எழுத்தாணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விளங்கும் வரைக்கும் நின்றார். நான் விளங்கிடுமோ என்ற பயத்தில் நின்றன். திரும்ப அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்கு ஐந்து வருசம் எடுத்தது. விளங்காமல் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது என்று நான் எத்தனை கோயிலில் சொல்லியிருக்கிறன்! என்ட வாயால் சொன்னதை என்ட காதே கேட்கல்ல. அந்தா, அந்தப் பிள்ளை கொட்டாவி விடுது. விடு மகள், நீ சரியான நேரத்தில்தான் விட்டாய்.

மைக்காரத் தம்பி மணிக்கூட்டைக் காட்டுறார், பூசைக்கு நேரமாம். ஒரே ஒரு சங்கதி. போன வருசம் என்னிடம் 'மட்டக்களப்புத் தமிழகம்' வாங்கிக்கொண்டு போனவர் இங்கதான் இருக்கிறார். முகம் தெரியுது, பேர் சொல்லமாட்டன். வாசிச்சு முடிச்சிருந்தால் நாளைக்குக் கொண்டு வாங்க ஐயா. முடிக்கல்ல என்றால் இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருங்க.